மெல்பனில் நான் நிறுத்திய பாட்டு

சிட்னி விமான நிலையத்தில் முதலில் பறிபோனது மாவடு. அடுத்து வடகம். அதற்கடுத்து, மகனுக்காக என் கையால் இடித்துக் கொண்டுபோன பருப்புப் பொடி. சீருடை போட்ட இளைஞன் ஒருவன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தான். பொடியில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நானே மன்னிப்புக் கேட்டேன். மாவடு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது என்னைப் பார்க்கிறது" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

திருச்சியில் நான் ஓர் அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் வராந்தாவில் நடந்தால் நான்கு வகுப்புகள் தாமாக அடங்கும். அப்படிப்பட்டவள் ஒரு மீசை முளைக்காத பையன் முன்னால் கைகட்டி நின்றேன் என்றால், பயம் மாவடுவைப் பற்றியது அல்ல. நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மகனைப் பாடாமல் தடுக்க வந்திருந்தேன்.

இதை இப்போது எழுத முடிகிறது. அப்போது எமர்ஜென்சி. ஒரு மாலை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையானவர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். மெல்பனில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் என் மகன் சேகரைப் பற்றி, அவன் பெயரைச் சொல்லியே விசாரித்தார். அங்கே சில மாணவர்கள் நம் சர்க்காருக்கு எதிராகக் கூட்டம் போடுகிறார்களாம். சேகர் அதில் கஞ்சிரா வாசித்துப் பாடுகிறானாம். அடுத்த வருஷம் அவன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "சின்னப் பையன்தானேம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான். நீங்களும் சர்க்கார் உத்தியோகத்துல இருக்கீங்க" என்றார். போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அந்தச் சத்தமின்மைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடிதத்தில் எழுத முடியாது. பிரித்துப் படிப்பார்கள். ஃபோனில் பேச முடியாது. யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். என் கணவருக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை. அவருக்கு விமானம் என்றால் பயம் என்பது வேறு விஷயம். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று விண்ணப்பம் எழுதி அனுமதி வாங்கி நான் புறப்பட்டேன்.

சேகர் சிட்னிக்கே வந்து காத்திருந்தான். தோள் வரை முடி. உடம்பு சரியில்லாதவனாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளை நன்றாகவே இருந்தான். அன்று முழுக்க என்னை ஊர் சுற்ற வைத்தான். புதிதாகத் திறந்திருந்த இசை அரங்கத்தைத் துறைமுகத்தின் எதிர்க்கரையிலிருந்து காட்டினான். பெரிய வெங்காயத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கவிழ்த்ததுபோல இருந்தது. படகில் போகும்போது பேசிவிடலாம் என்று மூன்று குறிப்புகள் மனத்தில் தயார் செய்திருந்தேன். பள்ளி ஆண்டு விழாவுக்கும் நான் அப்படித்தான். முதல் குறிப்பில் வாயைத் திறந்தபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மீதிப் பயணத்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கழித்தேன்.

மறுநாள் மெல்பனுக்கு ரயில். எங்களுக்கு எதிரே ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் உட்கார்ந்து, ஆடுகளுக்கு வரும் கால் நோய்களைப் பற்றி என்னிடம் விரிவாகப் பேசினார். அவரும் உளவாளியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது குறிப்பும் போயிற்று.

மெல்பனில் சேகர் தங்கியிருந்தது பிரன்ஸ்விக்கில், மனோன்மணி என்ற யாழ்ப்பாணத்து அம்மாள் வீட்டு மாடியில். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில். வாசலிலேயே என் கையைப் பிடித்து, "வாங்கோ அக்கா, குளிருக்கை நிக்காதேங்கோ. கதிரையிலை இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், இழுத்துக்கொண்டு போனார். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம் என்று புவியியல் பாடத்தில் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஆனால் நான் கொண்டுபோயிருந்தது கணவரின் ஒரே ஒரு ஸ்வெட்டர்.

அந்தக் குசினியில்தான் முதல் முறையாக வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி வாய் திறந்தேன். சொல்லத் தொடங்குமுன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏன் அக்கா, குளிருதோ?"

"இல்லே. யாராவது..."

மனோன்மணி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "பக்கத்து வீட்டுக்காரன் கிரேக்கன் அக்கா. அவனுக்கு இங்கிலீசே ஒழுங்காத் தெரியாது" என்றார்.

சேகருக்குச் சிரிப்பே வரவில்லை. சனிக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் பாடப்போகிறோம் என்றான். வேண்டாம் என்றேன். அப்பாவின் வேலை, என் பென்ஷன், அவன் பாஸ்போர்ட் என்று மூன்று குறிப்புகளையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன், "நீ முதல்ல வால்டெமாரைப் பார்த்துட்டுச் சொல்லும்மா" என்றான்.

வால்டெமார் யார் என்றால், அவனுடன் பாடும் பிரேசில் நாட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். கார் தொழிற்சாலையில் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். என் மகனைக் கெடுத்தவன் பெயரிலேயே வால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு நான் தனியாகவே டிராமில் போகிறேன் என்று வீம்பு பிடித்தேன். சேகருக்குக் கல்லூரி இருந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் நடைபாதையில், ஒரு கடையின் நிழலில் நின்றேன். டிராம் நடுத்தெருவில் வந்து, நடுத்தெருவில் நின்று, நான் யோசிப்பதற்குள் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. நிற வேற்றுமை என்று முடிவு கட்டி, ஆஸ்திரேலியப் பிரதமருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு கிழவர் என் முழங்கையைத் தொட்டு, வண்டி நின்றதும் தெருவில் இறங்கிப் போய் ஏற வேண்டும் என்று சொன்னார். ஏறினேன். கண்டக்டர் என்னை "அன்பே" என்று அழைத்து டிக்கெட் கேட்டார். ஐம்பது வயதில் இப்படி அழைக்கப்படுவேன் என்று எதிர்பார்க்காததால் தவறான ஊர்ப் பெயரைச் சொன்னேன். கடற்கரையில் போய் இறங்கினேன். அதே கண்டக்டர் திரும்பும் வழியில் என்னை ஏற்றிக்கொண்டு, இந்த முறை முகவரிச் சீட்டை அவரே வாங்கிப் பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சேகரும் மனோன்மணியும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். என்னைக் காணோம் என்று மனோன்மணி அழுதுகொண்டிருந்தார். வால்டெமார் சமைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊர்ச் சாப்பாட்டில் கறுப்பு பீன்ஸோடு பன்றி இறைச்சி போட்டு மணிக்கணக்காக வேகவைப்பார்களாம். எனக்காக இறைச்சி போடாமல் செய்திருந்தார். அதன்மேல் மரவள்ளி மாவை வறுத்துத் தூவ வேண்டும். அந்த மாவு மெல்பனில் கிடைக்காததால் ரவையை வெண்ணெயில் வறுத்துத் தூவினார். தண்ணீர் ஊற்ற மறந்துபோன உப்புமா. பீன்ஸும் சோறும் சேர்ந்தபோது ருசியாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், உப்பு கொஞ்சம் குறைவு என்றேன்.

மனோன்மணி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கதிரை என்று சொன்னபோது வால்டெமார் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். குசினியும் அலுமாரியும் அப்படியே. என் பங்குக்கு மேசை, ஜன்னல், சாவி என்று அடுக்கினேன். போர்த்துக்கீசியர்கள் அவர் ஊருக்கும் போயிருக்கிறார்கள், எங்கள் கடற்கரைக்கும் வந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்களை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும், எதற்காக வந்தேன் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அவர் பாட்டைப் பற்றிப் பேசாமல் தன் கதையைச் சொன்னார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் இரண்டு நொண்டிகள் தோளில் கைபோட்டு நடப்பதுபோல நடந்தன.

அறுபதுகளின் கடைசியில் அவர்கள் நாட்டில் பாட்டுப் போட்டிகள் பிரமாதமாக நடக்குமாம். தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். நம் ஊரில் தேர்தலுக்குத்தான் அப்படி. பட்டாளத்து ஆட்சி நடந்ததால் தேர்தலில் போட வேண்டிய சண்டையையும் பாட்டில் போட்டார்களோ என்னவோ. அதற்குப் பத்து வருஷம் முன்பே அங்கே ஒரு புதுப் பாணி வந்திருந்தது. போசா நோவா என்று பெயர். உரக்கப் பாடாமல், காதில் ரகசியம் சொல்வதுபோலக் கித்தாரோடு பாடுவது. அது பழகி மதிப்பான சங்கீதமாகிவிட்ட சமயத்தில், வடகிழக்குக் கடற்கரை மாநிலத்திலிருந்து சில இளைஞர்கள் வந்தார்கள். பழைய சம்பா ஆட்டப் பாட்டு, கிராமத்து மேளம், வானொலி விளம்பரம், மேல்நாட்டு ராக் எல்லாவற்றையும் ஒரே பாட்டில் போட்டுக் குலுக்கினார்கள். மின்சாரக் கித்தாரை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். டிராபிகாலியா என்று அந்த இயக்கத்துக்குப் பெயர் வந்தது.

அவர்களைக் கூச்சல் போட்டு விரட்டியது பட்டாளம் அல்ல, மாணவர்கள். பட்டாளத்தை எதிர்த்த அதே மாணவர்கள். மின்சாரக் கித்தார் அந்நியனுடையதாம். அதை எதிர்த்து ஊர்வலம்கூடப் போயிருக்கிறார்கள். நான் பெருமூச்சு விட்டேன். சபாக்களில் மைக் வந்தபோது என் சித்தப்பா ஒரு வருஷம் கச்சேரிக்கே போகவில்லை.

வால்டெமார் அப்படி ஒரு குழுவில் பின்னால் நின்று கித்தார் வாசித்தவர். தக்காளியும் முட்டையும் பறந்து வந்திருக்கின்றன. "முட்டை பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். முன் வரிசையில் ஓர் அம்மாள் இருந்தாள். அவள் கத்தவே இல்லை. என்னையே பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தாள். என் விரல் நின்றுவிட்டது" என்றார்.

அப்புறம் பட்டாளமும் தன் பங்குக்கு வந்தது. முன்னால் நின்றவர்களில் இரண்டு பேரைப் பிடித்துத் தலைமுடியை வெட்டி உள்ளே வைத்தார்கள். பிறகு நாட்டை விட்டே அனுப்பினார்கள். அவர்கள் லண்டன் போனார்கள். பின்னால் நின்ற வால்டெமாரை யாரும் பிடிக்கவில்லை. "பிடிப்பார்கள், பிடிப்பார்கள் என்று காத்திருப்பதுதான் கஷ்டம். கேட் சத்தம் கேட்டால் கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன்" என்றார்.

அதற்குமேல் எனக்கு அவரைத் திட்ட வரவில்லை. கேட் சத்தம் கேட்காமல் இருப்பதும் கஷ்டம்தான் என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலம் அதற்குப் போதவில்லை.

திரும்பும் டிராமில் சேகர் ஓர் ஏற்பாடு சொன்னான். "நீ முன் வரிசையில உக்காரு. பாட்டுக்கு நடுவுல எப்ப வேணாலும், போதும், வேண்டாம்னு உனக்குத் தோணினா ஒரு சைகை காட்டு. அந்த இடத்துலயே நிறுத்திடறோம். அப்புறம் நான் எங்கேயும் பாட மாட்டேன். வால்டெமார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சரி என்றேன். முதல் வரியிலேயே கையைத் தூக்கிவிடுவது என்று அன்று இரவே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை கூட்டம் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில். நம்மைப்போலவே வாய் கட்டப்பட்ட பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை மேல் கணவரின் ஸ்வெட்டரும் அதன்மேல் மனோன்மணியின் கோட்டும் போட்டு, மூட்டை கட்டிய மெத்தைபோல முன் வரிசையில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் பழுப்பு சஃபாரி சூட் போட்ட ஓர் இந்தியர் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஏதோ காகிதம்.

"மனோன்மணி, அது யாரு?"

"தெரியேல்லை அக்கா. நீங்கள் முன்னுக்குப் பாருங்கோ."

முஷ்டியை உயர்த்திக் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். வால்டெமார் ஸ்டூலில் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடத் தொடங்கினார். மின்சாரக் கித்தார் மெல்ல முனகியது. அவர் கண் என்னவோ என் மேலேயே இருந்தது. ஏற்பாடு அப்படி. நான் கையைத் தூக்க வேண்டும். கை வேறு வேலையில் இருந்தது. வழக்கப்படி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆதி தாளத்தில் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த மனிதர் எந்த அடியையும் தாளம் விழும் இடத்தில் எடுக்கவில்லை. கொஞ்சம் முன்னால் எடுக்கிறார், அல்லது தள்ளி எடுக்கிறார். விட்டேனா பார் என்று துரத்தினேன். சேகர் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கஞ்சிராவில் அவரைப் பிடித்துக்கொண்டே போனான். கையைத் தூக்குவதை அடுத்த அடிக்கு ஒத்திவைத்தேன். அதற்கடுத்த அடிக்கும்.

அப்போது சேகர் தமிழில் தொடங்கினான். பாட்டு அல்ல. தகதிமி என்று சொற்கட்டு சொல்வதுபோல, தாளத்தோடு.

"பேசாதே. திரும்பாதே. கையைக் கட்டு. வாயில் விரல்."

மறுபடியும் அதையே, இரட்டை வேகத்தில். எனக்குக் காது சுட்டது. அவை என் வார்த்தைகள். தினமும் காலையில் பள்ளி மைதானத்தில் நான் சொல்வது. சின்ன வயதில் சேகர் என்னோடு பள்ளிக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். என் குரலின் இழுவைகூட அப்படியே இருந்தது. ஒரு நாட்டின் வாயை மூடுவதைப் பற்றிப் பாட்டு எழுத என் மகன் வெளியே எங்கும் தேடவில்லை.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது முறை சொல்லும்போது அவன் 'வாயில்' என்று நிறுத்திவிட்டு, 'விரல்' விழ வேண்டிய இடத்தைக் காலியாக விட்டான். கஞ்சிராவும் இல்லை, கித்தாரும் இல்லை. அந்த மௌனத்தின் மேல் என் கை தொடையில் போய் விழுந்தது. சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில். முப்பது வருஷமாகச் சபாக்களின் முன் வரிசையில் உட்கார்ந்து பழகிய தலை, என் அனுமதி கேட்காமல் இடமும் வலமும் ஆடியது. நாக்கு, "த்சொ, த்சொ" என்று ரசித்தது.

வால்டெமார் உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்து அழுத்தினார். பாட்டு நின்றது.

சேகர் கண்ணைத் திறந்தான். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. வால்டெமாரின் முகம் வெளுத்திருந்தது. பல வருஷத்துக்கு முந்திய அம்மாளை மறுபடியும் பார்த்துவிட்டவர் முகம். அவரைப் பொறுத்தவரை நான் சைகை காட்டிவிட்டேன். அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

நான் வந்த காரியம் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். என்ன நடந்தது என்று சேகருக்குப் புரிந்திருந்தது. அவனுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ஆனால் அவனும் எனக்காகக் காத்திருந்தான். திரும்பிப் பார்த்தேன். சஃபாரி சூட்காரர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். கோட்டு நழுவிக் கீழே விழுந்தது. என்ன பேசுவது என்று தெரியாதபோது எனக்கு ஒரே ஒரு குரல்தான் வரும். மைதானத்துக் கடைசி வரிசை வரை கேட்கும் குரல்.

"ஏன் நிறுத்தினீங்க? முதல்லேர்ந்து பாடுங்க."

வால்டெமாருக்குப் புரியவில்லை. மனோன்மணி ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குள் சேகரின் விரல்கள் கஞ்சிராவில் விழுந்துவிட்டன. முதலிலிருந்தே பாடினார்கள். இந்த முறை 'விரல்' விழாத இடத்தில், ஒன்றும் புரியாத அந்த மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்துக் கையைத் தொடையில் தட்டியது.

முடிந்ததும் வால்டெமார் வந்து என் முன்னால் நின்றார். "பிடித்தால் உங்கள் ஊரில் இப்படியா தலையாட்டுவீர்கள்? அப்படியானால் பிடிக்காவிட்டால்?"

"எழுந்து காபி குடிக்கப் போய்விடுவோம்" என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பழுப்பு சூட்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. யாரென்றும் தெரியவில்லை. விமானம் ஏறும்வரை ஒவ்வொரு பழுப்புச் சட்டையையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திருச்சி திரும்பிச் சில நாட்களில் வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார். காபி கொடுத்தேன்.

"பையன்கிட்ட பேசினீங்களாம்மா?"

"பேசினேன். கூட்டத்துலயே எழுந்து நின்னு சொல்லிட்டேன்."

"கேட்டானா?"

"என் பையன் சார். நான் சொன்னபடிதான் செஞ்சான்."

நல்லது என்று அவர் காபியை ஆற்றிக் குடித்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. மறுபடி வருவாரா, மாட்டாரா, சேகருக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா என்று எதுவும் தெரியாமல் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். முந்தானைக்குள் என் கை அசைவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, தொடையில் ஆதி தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன.